நோயுற்ற தாயின் பால்



என் அப்பாச்சிக்குப் பிறந்த தலைப்பிள்ளை பன்னிரண்டு நாள்களே உயிரோடிருந்தது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் தாய்க்குச் சுரம் கண்டது. “காய்ச்சற்காரியின் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது; பாலோடு காய்ச்சலும் இறங்கிவிடும்” என்று வீட்டிலிருந்த முதியோர் கூறினர். பிள்ளையை அடுத்த அறைக்குக் கொண்டுசென்று, சீனித் தண்ணீரும் நீர் கலந்த ஆட்டுப்பாலும் கரண்டியாற் பருக்கினர். ஒரு வாரத்திற் சுரம் தணிந்தது; தாய் எழுந்து நடமாடினார். பிள்ளையோ வயிற்றோட்டம் கண்டு இறந்தது.

இதனை எனக்குச் சொன்னபோது அப்பாச்சி எண்பது வயதைக் கடந்திருந்தார். பால் கட்டி மார்பு நோவெடுத்ததையும், அடுத்த அறையிற் பிள்ளை அழுததையும், தம்மை எழுந்து போக விடாததையும் கூறினார். ஒருவரையும் அவர் குறை சொல்லவில்லை. “என்ரை பாலிலை நஞ்சு இருந்ததோ, ராசா?” என்று மாத்திரம் கேட்டார்.

அன்று அவ்வினாவுக்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை. நான் வைத்தியன் அல்லேன். பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்த ஆசிரியன். பின்னாளில் வைத்திய வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான், அது என் அப்பாச்சி ஒருவருடைய வினா அன்று என்பதை உணர்ந்தேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகின் பல பாகங்களிலும் எழுப்பப்பட்டு வந்த வினா அது. அதற்கு ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு விடை கூறினர். அவ்விடைகளின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலிற் பண்டைக் காலத்தை நோக்குவோம். இந்திய வைத்திய நூல்களுள் முதன்மை வாய்ந்த சுசுருத சங்கிதை, குழந்தைக்குப் பாலூட்டுபவள் எத்தகையவளாய் இருத்தல் வேண்டுமென்று விரிவாக எடுத்துரைக்கின்றது. பசியால் வாடியவள், துயருற்றவள், களைத்தவள், சுரமுடையவள் ஆகியோரின் பாலைக் குழந்தைக்கு ஊட்டலாகாது என்று அந்நூல் விதிக்கின்றது. பாலை நீரில் விட்டுப் பார்க்கும் சோதனையும் அதிற் கூறப்பட்டுள்ளது. நீரோடு ஒன்றாய்க் கலப்பதே தூய பால் என்பது அந்நூலாரின் கொள்கை. மேற்றிசையிலே கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த சொரானஸ் என்னும் கிரேக்க வைத்தியரும் இதனையொத்த சோதனையொன்றைக் கூறியுள்ளார். ஒரு துளிப் பாலை நகத்தின்மேல் விட்டு, அது பரவும் தன்மையை நோக்கும்படி அவர் கற்பித்தார். பிரசவித்த தாயின் உடல் கலங்கியிருப்பதால், முதல் நாள்களில் வேறொரு பெண்ணின் பாலே நன்று என்பதும் அவர் கருத்து.

இவ்விரு நூலாரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர். தாயின் உடலும் உள்ளமும் எவ்வாறுளவோ அவ்வாறே பாலும் இருக்கும் என்பதே அக்கருத்து. கிருமி என்பது இன்னதென அறியப்படாத காலத்தில், கண்ணாற் கண்டதைக் கொண்டு காரணத்தை ஊகித்த அறிஞர் இவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் ஈண்டு நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுசுருதரோ சொரானசோ நோயுற்ற தாயின் பாலை விலக்கியபோது, குழந்தையை வெறுங்கையோடு விட்டாரல்லர். தாயின் பாலுக்கு ஈடாக இன்னொரு தாயின் பாலையே விதித்தனர். பாலூட்டும் செவிலியின் வயது, உடல்நலம், ஒழுக்கம் என்பனவெல்லாம் அவர்களால் வகுத்துரைக்கப்பட்டன. நம் சங்க இலக்கியத்திலே நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாய் பேசப்படுவதும், குழந்தை வளர்ப்பில் அவளுக்கிருந்த இடத்தையே காட்டும்.

ஆனாற் செவிலியை அமர்த்திக்கொள்ளும் வசதி செல்வர்க்கே உரியது. காலப்போக்கில் அந்த விதியின் முற்பகுதி, அதாவது நோயுற்றவள் பாலூட்டலாகாது என்னும் விலக்கு, ஏழை வீடுகளுக்கும் இறங்கிவந்தது. செவிலியை அமர்த்துக என்னும் பிற்பகுதி இறங்கிவரவில்லை. என் அப்பாச்சியின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் இவ்வாறு பாதி தேய்ந்த விதிதான்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 18ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரில் செவிலியிடம் பிள்ளையை ஒப்படைக்கும் வழக்கம் செல்வர் மட்டத்தைக் கடந்து, தொழிலாளர் குடும்பங்களிலும் பரவியிருந்தது. அந்நகரப் பொலிசுத் துறைக்குத் தலைவராயிருந்த லெனுவார் என்பவர் 1780ஆம் ஆண்டிலே கொடுத்த கணக்கின்படி, ஆண்டொன்றிற் பிறந்த ஏறக்குறைய 21,000 குழந்தைகளுள் பெற்ற தாயிடமே பால் குடித்தவை ஆயிரத்துக்கும் குறைவானவையாம். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை கிராமப்புறச் செவிலியரிடம் அனுப்பப்பட்டன. அங்ஙனம் அனுப்பப்பட்ட குழந்தைகள் பெருந்தொகையில் மாண்டன.

அக்காலத்தில் ‘கிரந்தி’ என்னும் மேகநோய் அந்நகரிற் பெருகியிருந்தது. நோயோடு பிறந்த குழந்தையிடமிருந்து செவிலிக்கும், செவிலியிடமிருந்து அவள் பாலூட்டிய வேறு குழந்தைக்கும் அது தொற்றியது. இதனைக் கண்ட லெனுவார் அவ்வாண்டிலேயே வொஜிரார் என்னுமிடத்தில் ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தினார். நோயுற்ற தாய்மாரும் நோயோடு பிறந்த குழந்தைகளும் அங்கு ஒருங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். தாய்க்கு இரசம் கலந்த மருந்து கொடுக்கப்பட்டது. அம்மருந்து பால் வழியே குழந்தையையும் சென்றடையும் என்று வைத்தியர் நம்பினர். அம்மருந்தோ நஞ்சு; அங்கே பல குழந்தைகள் இறந்தன. ஆயினும் அந்த வைத்தியசாலையின் நோக்கத்தில் ஒரு புதுமை இருந்தது. தாயையும் சேயையும் பிரிப்பதற்கு மாறாக, இருவரையும் ஒன்றாக வைத்து ஒன்றாகவே குணப்படுத்த முயன்றமைதான் அப்புதுமை. அவர்களிடம் நல்ல மருந்து இருக்கவில்லை. எண்ணமோ காலத்துக்கு முந்தியது.

அடுத்து, பிரசவ சன்னியின் வரலாற்றைக் கூறவேண்டும். பிள்ளை பெற்ற சில நாள்களுள் கடுஞ்சுரமும் வயிற்று நோவும் கண்டு தாய் இறக்கும் கொடிய நோய் அது. அந்நோயால் இறந்த பெண்களின் உடலை அறுத்துப் பார்த்த 17ஆம், 18ஆம் நூற்றாண்டு வைத்தியர்கள், குடலின்மேல் வெண்ணிறமான ஒரு பொருள் படிந்திருக்கக் கண்டனர். அதனைப் பால் என்றே பலர் கருதினர். மார்புக்குச் செல்லவேண்டிய பால் வழிதவறி வயிற்றினுட் புகுந்து அழுகி நோயை உண்டாக்கிற்று என்று விளக்கமும் எழுதினர். அது பாலன்று, சீழ். பாலின்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் இதைவிடப் பெரிய பழி வேறில்லை.

உண்மை எங்கிருந்தது? 1795ஆம் ஆண்டிலேயே ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரத்து வைத்தியர் அலெக்சாந்தர் கோர்டன், இந்நோயை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுசெல்வோர் வைத்தியரும் மருத்துவிச்சியருமே என்று எழுதினார். தாமும் பலருக்கு அந்நோயைக் கொண்டுசென்றதாக அவர் மனம் வருந்தி ஒப்புக்கொண்டார். அதன் பயனாக ஊராரின் பகையையே தேடிக்கொண்டார்.

அரை நூற்றாண்டின் பின்னர் வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரி நாட்டு வைத்தியர் பணியாற்றினார். அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டிருந்தன. முதற்பகுதியில் வைத்திய மாணவரும், இரண்டாம் பகுதியில் மருத்துவிச்சி மாணவியரும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவானவர்களே இறந்தனர். முதற்பகுதிக்குச் செல்ல நேர்ந்த பெண்கள் தம்மை இரண்டாம் பகுதிக்கு அனுப்பும்படி மன்றாடினர். இரு பகுதியிலும் பெண்கள் ஒரே நகரத்தவர்; ஒரே வகையான பால் சுரந்தவர். வேறுபாடு பாலில் இருக்க முடியுமா?

1847ஆம் ஆண்டு தொடக்கத்திலே, பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்ற வைத்தியர் ஒருவர் பிரசவ சன்னியைப் போன்ற நோயினால் இறந்தார். அவர் செம்மல்வைசின் நண்பர். ஆண்மகன் ஒருவன் பிரசவ சன்னியைப் போன்ற நோயால் இறந்தானென்றால், அந்நோய்க்கும் பாலுக்கும் தொடர்பு ஏது? பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த கைகளே நோயைச் சுமந்து வந்தன எனச் செம்மல்வைஸ் கண்டார். அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து, ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த இறப்பு, யூலையில் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. எனினும் அவர் கூற்றை அக்காலத்து வைத்தியப் பெரியார் பலர் ஏற்றாரில்லை. தங்கள் கைகளே தாய்மாரைக் கொன்றன என்று ஒப்புக்கொள்ள எவர்க்கு மனம் வரும்? 1865ஆம் ஆண்டிலே செம்மல்வைஸ் மனநோய் விடுதியொன்றில் இறந்தார்.

1879ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் பாரிஸ் வைத்தியர் சபையிலே எழுந்து, பிரசவ சன்னிக்குக் காரணமான கிருமியின் உருவத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அதே 1879ஆம் ஆண்டிலேதான் நம் கொழும்பு மாநகரில் டி சொய்சா பிரசவ விடுதியும் திறக்கப்பட்டது. கிருமியைப் பற்றிய அறிவும் பிரசவ வைத்தியசாலையும் ஒரே காலத்தில் வந்தது நம் நாட்டுத் தாய்மார் பெற்ற பேறு எனலாம்.

பால் குற்றமற்றது என்பது மாத்திரமன்று. அது காவலாகவும் நிற்கும் என்பதை யேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் 1892ஆம் ஆண்டிலே எலிகளைக் கொண்டு காட்டினார். நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெற்ற தாயெலியிடம், அவ்வாற்றலில்லாத தாயெலியின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அக்குட்டிகளும் எதிர்ப்பாற்றலைப் பெற்றன. பெற்ற வயிறு கொடுக்காததைப் பால் கொடுத்தது. 1961ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வைத்தியர் லார்ஸ் ஹன்சன், தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள் தனித்தன்மை வாய்ந்ததென எடுத்துக்காட்டினார். தாயின் உடலில் ஒரு கிருமி புகுந்தால், அதனை எதிர்க்கும் பொருள் அவள் இரத்தத்தில் மட்டுமன்றிப் பாலிலும் சேர்கின்றது. தாய்க்குத் தடிமனோ காய்ச்சலோ வெளிப்படும் முன்னரே குழந்தை அக்கிருமியோடு பழகிவிட்டிருக்கும். அந்நிலையிற் குழந்தையைப் பாலிலிருந்து விலக்குவது, பகைவன் கோட்டைக்குள் புகுந்தபின் காவலாளியை வெளியேற்றுவதையே ஒக்கும்.

அடுத்து வருவது காசநோய். 1882ஆம் ஆண்டு றொபேட் கொக் என்னும் யேர்மனிய அறிஞர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். தொற்றும் நோய் என்பது தெளிவானதும், பிரிவே தக்க காப்பு என்று நாடுகள் பல முடிவு செய்தன. பிரான்சிலே கிரான்செ என்னும் வைத்தியர், 1903ஆம் ஆண்டிலிருந்து, காசநோயாளரின் பிள்ளைகளை நாட்டுப்புறக் குடும்பங்களில் வளர்க்க ஒழுங்கு செய்தார். பின்னர் பிறந்த குழந்தைகளுக்கும் இம்முறை நீட்டப்பட்டது. இது நல்லெண்ணத்தால் எழுந்த ஏற்பாடே. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து இருக்கவில்லை. ஆயினும் பிரித்தல் எல்லோருக்கும் இயலுமா? 1921ஆம் ஆண்டிலே பாரிசிற் பிறந்த குழந்தையொன்றின் தாய் பிரசவத்தின் பின் காசநோயால் இறந்தாள். அதனை வளர்க்க இருந்த பாட்டியும் காசநோயாளி. குழந்தையைக் காப்பாற்ற வேறு வழி காணாத நிலையிலேதான், கல்மெற், கெரன் என்னும் இருவர் ஆக்கிய பீ.சீ.ஜீ. மருந்து முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. வாய்வழியே மருந்தைப் பெற்ற அக்குழந்தை காசநோய் அணுகாமல் வளர்ந்தது. பிரிக்க முடியாத ஒரு வீட்டின் பொருட்டு வந்த அம்மருந்தே இன்று நம் நாட்டில், பிறந்த குழந்தை வைத்தியசாலையை விட்டு வீடு செல்லுமுன் ஊசியாக ஏற்றப்படுகின்றது.

பிரிவுதான் காப்பு என்னும் கொள்கையை முற்றாக அசைத்த ஆராய்ச்சி நம் அயலிலே, சென்னை மாநகரில் நிகழ்ந்தது. அங்கே 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்தாய்வு நிலையம் அமைக்கப்பட்டது. நோயாளரில் ஒரு பகுதியினர் சானற்றோரியத்திற் சேர்க்கப்பட்டனர். மறுபகுதியினர் நெருக்கமான ஏழை வீடுகளிலேயே இருந்து மருந்துண்டனர். 1959ஆம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தபோது உலகம் வியந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அவர்களைப் போன்றே குணமாயினர். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தோர்க்கு அதனால் மிகையான ஆபத்தும் நேரவில்லை. மருந்துண்ணத் தொடங்கியவுடன் நோயின் தொற்றுந் தன்மை விரைவிற் குறைந்துவிடுவதே காரணம். காசநோய்க் கிருமி மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. மார்பிலேயே அந்நோய் கண்டாலொழியப் பால் வழியே செல்வதன்று. ஆதலால் இன்று காசநோயுற்ற தாயும் மருந்துண்டு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்து, தன் பாலையே ஊட்டலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

இதுவரை பாலின்மேல் வந்த ஐயத்தைக் கூறினேன். இனிப் பாலுக்கு ஈடாக வந்ததைப் பற்றியும் கூறவேண்டும். 1865ஆம் ஆண்டிலே யேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் குழந்தையுணவு ஒன்றின் செய்முறையை வெளியிட்டார். 1867ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் சேர்ந்த உணவொன்றைச் செய்து விற்றார். தாயை இழந்த குழந்தைகளுக்கு இவை உயிர்ப்பிச்சையாய் அமைந்ததுண்டு. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆனாற் புட்டியையும் நீரையும் கொதிக்க வைக்க விறகில்லாத வீட்டில், மாவை அளவாகக் கரைக்கப் பணமில்லாத வீட்டில், அதே பால்மா நஞ்சாயிற்று. குழந்தை வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939ஆம் ஆண்டிலே சிங்கப்பூரில் ‘பாலும் கொலையும்’ என்ற பொருளில் ஓர் உரை நிகழ்த்தினார். தகாத பிரசாரத்தால் தாய்ப்பாலை இழந்து மடியும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கொள்ளவேண்டுமென அஞ்சாது கூறினார். நாற்பதாண்டுகளுக்கு மேற் கழிந்த பின், 1981ஆம் ஆண்டு மே மாதத்தில், உலக சுகாதாரப் பேரவை பால்மா விற்பனையைக் கட்டுப்படுத்தும் ஒழுக்கக் கோவையை நிறைவேற்றியது. 118 நாடுகள் ஆதரித்தன. ஒரு நாடு மாத்திரம் எதிர்த்து வாக்களித்தது. இலங்கை 1983ஆம் ஆண்டிலேயே தனக்கெனக் கோவை ஒன்றை வகுத்துக்கொண்டது.

அவ்வாறாயின் தாய்ப்பால் எந்நோயையும் கொண்டுசெல்லாதா என்று நீங்கள் கேட்கலாம். கொண்டுசெல்வதும் உண்டு. வரலாற்றை ஒருபக்கமாகக் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. 1985ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவில், பிரசவத்தின் பின் இரத்தம் ஏற்றப்பட்ட ஒரு தாய்க்கு அவ்விரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. கிருமி தொற்றிற்று. அவளிடம் பால் குடித்த குழந்தைக்கும் அது தொற்றியிருந்தது. பிறந்தபின் தாய்க்கு வந்த நோயாதலின், பாலே வழியென்பது உறுதியாயிற்று. யப்பானிலே இரத்தப் புற்றுநோய் வகையொன்றை உண்டாக்கும் வேறொரு கிருமியும் பால் வழியே பரவுவது காணப்பட்டது. 1987ஆம் ஆண்டிலிருந்து நாகசாகிப் பகுதியில் அக்கிருமியுடைய தாய்மாருக்குப் பாலூட்டாதிருக்கும்படி ஆலோசனை கூறப்பட்டது. குழந்தைகளுக்குத் தொற்றுவதும் பெரிதுங் குறைந்தது. தூய நீரும், வசதியும், வைத்திய மேற்பார்வையும் நிறைந்த நாட்டில் அந்த முடிவு நன்மை பயந்தது.

ஆபிரிக்காவிலோ வேறொரு பாடம் கிடைத்தது. எச்.ஐ.வி. மிகுந்திருந்த பொற்சுவானாவில் அரசாங்கமே அந்நோயுடைய தாய்மாருக்குப் பால்மாவை இலவசமாக வழங்கிற்று. 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் பெருமழை பெய்து நீர் மாசுற்றபோது வயிற்றோட்டம் பரவிப் பல குழந்தைகள் மாண்டன. மாண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை பால்மாவில் வளர்ந்த குழந்தைகளாயிருந்தன. தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நிகழ்ந்து 1999ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியோ, தாய்ப்பாலை மாத்திரம் குடித்த குழந்தைகளைவிடத் தாய்ப்பாலோடு வேறு உணவும் கலந்து பெற்ற குழந்தைகளுக்கே எச்.ஐ.வி. கூடுதலாகத் தொற்றியதென்று கண்டது. பின்னர் மருந்துகள் பெருகின. தாய் ஒழுங்காக மருந்துண்பாளாயின் பால் வழியே நோய் செல்லும் ஆபத்து மிகக் குறைவென்பது தெளிவாயிற்று. எனவே, 2010ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம், நாட்டுக்கேற்ற முடிவின்படி, மருந்தோடு பாலூட்டலை அனுமதித்தது. வொஜிரார் வைத்தியசாலை 1780இற் செய்ய முயன்றதை, அதாவது தாயைக் குணப்படுத்திச் சேயைக் காப்பதை, 230 ஆண்டுகளின் பின் நல்ல மருந்து நிறைவேற்றி வைத்தது.

கடைசியாக, நம்மிற் பலர் கண்ணாற் கண்ட ஒரு நிகழ்ச்சி. 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கிற்று. சீனாவில் நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்த குழந்தைகள் பிரிக்கப்பட்டன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமும் அவ்வாண்டு ஏப்பிரலிலே தற்காலிகப் பிரிவை ஆலோசனையாகக் கூறிற்று. உலக சுகாதார ஸ்தாபனமோ, முகக்கவசம் அணிந்து, கைகழுவி, தாய் பாலூட்டலாம் என்று கூறியது. யூலையில் அமெரிக்கக் கழகமும் தன் ஆலோசனையைத் திருத்தித் தாயும் சேயும் ஒரே அறையில் இருக்க இடங்கொடுத்தது. செம்மல்வைசின் காலத்தில் அரை நூற்றாண்டு கழிந்தும் ஏற்கப்படாத உண்மை, நம் காலத்தில் மூன்று மாதத்தில் ஏற்கப்பட்டது. கற்றவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் வேகமே மெய்யான முன்னேற்றம் என்பேன்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் கண்ட உண்மை ஒன்றே. தாய் நோயுற்றவுடன் நம் முன்னோர் “பால் நல்லதா?” என்று ஒரு கேள்வியை மாத்திரம் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்நோய் எவ்வழியே செல்கின்றது? பாலோ, மூச்சோ, கையோ, நீரோ? இது முதற்கேள்வி. பாலை நிறுத்தினால் அதன் இடத்தில் எதனை வைக்கப் போகின்றோம்? இது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை காணாமற் குழந்தையை எடுத்துச் செல்பவர், எவ்வளவு அன்போடு எடுத்துச் சென்றாலும், அதனைக் காப்பவராகார்.

பிரசவித்த தாய்க்குச் சுரம் கண்டால் அதனைச் சிறிதென எண்ணாதீர்கள். பிரசவ சன்னி இன்றும் உயிர்கொல்லியே. தாயைத் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிள்ளையையும் உடன் கொண்டுசெல்லுங்கள். சில மருந்துகளுக்காகவும் சில நோய்களுக்காகவும் பாலூட்டலை நிறுத்த நேருவதுண்டு. அம்முடிவை வைத்தியர் கூறட்டும். திண்ணையிலிருந்து நாம் கூறவேண்டாம். தாய் எழமுடியாதபடி நலிந்திருந்தால், பாலைப் பிழிந்தெடுத்துத் தூய கிண்ணத்தாற் புகட்டவும் இயலும். 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே சுகாதாரப் பகுதி முறை தொடங்கிய காலந்தொட்டு, மருத்துவமாது வீடு தேடி வரும் பாக்கியத்தை நம் நாடு படிப்படியாகப் பெற்றிருக்கின்றது. அவரைக் கேளுங்கள்.

அப்பாச்சி இறந்து பல ஆண்டுகளாயின. அவருடைய வினாவுக்கு இன்று என்னால் விடை கூறமுடியும். அம்மா, உங்கள் பாலில் நஞ்சிருக்கவில்லை. உங்களுக்கு வந்த சுரத்தை எதிர்க்கும் காவல் அதிலே ஊறிக்கொண்டிருந்தது. நஞ்சு அந்தக் கரண்டியிலும், அதிற் கலந்த நீரிலும் இருந்தது. அதனை அறிந்தவர் ஒருவரும் அவ்வீட்டில் இருக்கவில்லை. இன்று நம் வீடுகளில் அறிந்தவர் இருக்கின்றனர் என்பதற்கு நீங்கள் சாட்சியாயிருங்கள்.